கால் போன போக்கில், இரண்டு நகல்களுடன்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். சுரங்கப்பாதையில் புகுந்து எதிர்ப்பக்கம் ஏறினால் விமான நிலையம். வெளிநாடு எங்களுக்கு நாலாவது ஸ்டேஷன். இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தும் நான் அங்கே போனதெல்லாம் ஊரார் பிள்ளைகளை வழியனுப்பத்தான். ஓய்வு பெற்ற கையோடு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மூன்று மாதம் ஐரோப்பாவைச் சுற்றப்போவதாக வீட்டில் அறிவித்தேன். அறிவிப்பதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

"மூணு மாசமா? தாராளமாப் போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. அந்தத் தாராளம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

திட்டம் எளிமையானது. ஒரு பை, கால் போன போக்கு. ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் 29 நாடுகளுக்குள் நுழையலாம். எந்த 180 நாளைக் கணக்கிட்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. விசாக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். இதெல்லாம் சரி. ஆனால் எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த விடுதி என்றும் கேட்கிறார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டுமாம். ஆக, கால் போன போக்கில் போகிறவன், எந்தத் தேதியில் கால் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வேலையில் இருந்தபோது இப்படி டூர் புரோகிராம் நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு டி.ஏ. உண்டு.

புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர். வெள்ளைப் பின்னணி, சிரிப்பு கூடாது. மேற்குத் தாம்பரம் ஸ்டூடியோக்காரர் "சிரிக்காம இருங்க சார்" என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் அவருக்குச் சொல்லவே வேண்டாம்" என்றாள் கூட வந்தவள். ஒரே கிளிக்.

அடுத்தது பை. கடைப் பையன், "நாப்பது லிட்டரா, அறுபது லிட்டரா சார்?" என்றான். ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கு அப்புறம் என்னை யாரும் லிட்டரில் விசாரித்ததில்லை. நாற்பது வாங்கினேன். மலிவு டிக்கெட்டில் கையோடு கொண்டுபோக ஏழு கிலோதான் அனுமதி. பையை நிரப்பி, தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். வேட்டி இரண்டு, பிரஷர் மாத்திரை, தைலம், பருப்புப் பொடி, குட்டி ரைஸ் குக்கர், அரை லிட்டர் பாட்டில் நிறையப் புளிக்காய்ச்சல். அண்ணாச்சி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பதினொண்ணே கால் சார். பில் போட்டுடவா?"

குக்கரை எடுத்தேன். புளிக்காய்ச்சலில்தான் சிக்கல். கூழாக இருப்பதெல்லாம் விமானப் பாதுகாப்பில் திரவக் கணக்கு. கைப்பையில் ஒரு டப்பா 100 மில்லியைத் தாண்டக் கூடாது. "நூறு மில்லியா? அதை நீங்க திரிசூலம் ஸ்டேஷன்லயே முடிச்சிடுவீங்களே" என்றாள் மனைவி. பணம் கட்டி லக்கேஜில் போடலாம் என்றால், பவர் பேங்க் அதில் போகக் கூடாது, கையில்தான் வர வேண்டும். எனக்கு வேண்டியதும் ஃபோனுக்கு வேண்டியதும் ஒரே பையில் பயணம் செய்ய வழியில்லை.

பழக்கத்துக்காகப் பையோடு திருநீர்மலைப் படி ஏறி இறங்கினேன். மூச்சு வாங்க வீடு திரும்பினால், புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் கேட்டில் மறித்து, "எந்த ஃபிளாட் டெலிவரி?" என்றார். என் வீட்டு எண்ணைச் சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். வாதாடத் தெம்பில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி: நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? பென்ஷன் ஆணை, வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், தாம்பரம் மாநகராட்சி சொத்து வரி ரசீது என்று வரிசையாக எடுத்து வைத்தேன். எதை எல்லாம் மூன்று மாதம் மறக்கலாம் என்று கிளம்பினேனோ, அத்தனையும் நகல் எடுக்கப்பட்டு மேஜைமேல் உட்கார்ந்திருந்தன. அதிலும் வீடு அவள் பெயரில்.

"மனைவி இங்கேதான் இருக்கிறாள்னு கடிதத்தில் எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா அது திரும்பி வரக் காரணமா, கிளம்பிப் போகக் காரணமான்னு அவங்களுக்குக் குழப்பம் வரும்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நேபாளத்துக்கு வோட்டர் ஐடி போதுமாமே?" என்றாள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர்தான் கைகொடுத்தார். பொறுப்புள்ள பதவியில் இருப்பவர் ஓடிப்போக மாட்டார் என்று எந்த அதிகாரியும் நம்புவார் என்றார். லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் அன்றே என் கைக்கு வந்தன. கூடவே தண்ணீர் லாரிக்காரர் நம்பரும் மோட்டார் ரூம் சாவியும் வந்தன.

ஆகவே, முதுகுப்பையோடு கிளம்ப நினைக்கும் குடும்பஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. பையில் பாரம் கூடினால் பணம் கட்டித் தப்பிக்கலாம். வீட்டில் பாரம் குறைந்தால் விசாவே சந்தேகம். பாஸ்போர்ட், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுமா என்று இன்றே பாருங்கள். சொத்து வரியைத் தேதி தவறாமல் கட்டி ரசீதை பீரோவில் பத்திரமாக வையுங்கள். ரைஸ் குக்கரை எடுத்துப் போக வேண்டாம்.