கார் துடைக்கும் துணி: தோற்றமும் தேய்வும்

ஒரு துண்டு வீட்டுக்குள் நுழைந்த நாள் முதல் வெளியேறும் நாள் வரை எத்தனை பதவி வகிக்கிறது என்பதை நம் பல்கலைக்கழகங்கள் இதுவரை முறையாக ஆராயவில்லை. கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த துண்டு முதலில் பீரோவுக்குள் போகிறது. அது காத்திருப்புக் காலம். பிறகு விருந்தாளிக்கு வருகிறது. ஓரம் பிரிந்ததும் வீட்டாருக்கு. நடுவில் வெளுத்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளுக்கு மட்டும். அப்புறம் பாதியாகக் கிழிபட்டு ஒரு துண்டம் அடுப்பங்கரையில் பிடிதுணியாகவும், மறு துண்டம் குளியலறை வாசலில் கால்மிதியாகவும் பணியாற்றுகின்றன. கால்மிதியும் நைந்துபோன பிறகு ஒரு காலை நேரத்தில் இந்த உரையாடல் நிகழ்கிறது: “இதத் தூக்கிப் போட்டுடட்டுமா?” “இருக்கட்டும், கார் தொடைக்க ஆகும்.”

இந்த இரண்டாவது வாக்கியமே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

வீடு நீங்கலாக ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கும் பொருள்களில் விலை கூடியது கார். அதற்கு வாய்ப்பதோ அக்குடும்பத்தின் ஆகக் கடைசித் துணி. அதற்கும் கீழே கரித்துணி ஒன்றுதான் உண்டு; அவசரத்துக்குக் கரித்துணியையும் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். காருக்கு ஏழாண்டுத் தவணை கட்டுவோர் துணிக்கு எழுபது ரூபாய் கொடுக்க யோசிப்பது ஏன் என்பது பொருளாதாரத் துறையினர் விளக்க வேண்டிய புதிர். நாம் துணியோடு நிற்போம்.

ஆய்வு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். களம், சென்னைப் புறநகர் அடுக்ககங்களின் கார் நிறுத்துமிடங்கள். நேரம், விடியற்காலை முதல் பள்ளி வேன் வரும்வரை. முறையியல், பால்கனியில் காப்பியோடு நின்று கவனித்தல். கழுவுதல் இவ்வாய்வுக்குப் புறம்பு. அதற்குத் தனியாக ஒரு நூலே வேண்டும். கழுவிய பின் மேனியில் நிற்கும் நீரை அகற்றுவது மட்டுமே இங்கே எடுத்துக்கொண்ட பொருள்.

இனித் தடைகளுக்கு விடை. “துடைப்பானேன்? வெயில் அடிக்கிறதே, தானே காயாதோ?” எனின், அற்றன்று. காய்வது நீர் மட்டும். நீரில் கரைந்திருந்தது எங்கும் போவதில்லை. சென்னைக்குத் தெற்கே பல அடுக்ககங்கள் போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நம்பி வாழ்பவை. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. வேறு வழியில்லை என்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500. அது குடிக்கும் நீருக்குச் சொன்னது. காருக்கு ஊற்றும் நீருக்கு வரம்பு சொல்லும் பொறுமை எந்த அமைவனத்துக்கும் இல்லை. ஒரு சொட்டு நீர் கறுப்பு பானெட்டின் மேல் வெயிலில் காய்ந்தால், அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாகப் படிந்துவிடும். எவர்சில்வர் குடத்தின் அடியிலும் வெந்நீர் ஹீட்டரின் கம்பியிலும் படிகிற அதே உப்புதான். நாள்பட விட்டால் சும்மா துடைத்துப் போகாது. நீர்த்த வினிகர் வரை போக வேண்டும். ஆகவே நீரை நீராக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், நிழலில் வைத்து எடுக்க வேண்டும் என்பது பெறப்படும்.

“ஓட்டிக்கொண்டு போனால் காற்றில் காய்ந்துவிடுமே?” எனின், அதுவும் அற்றன்று. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் ஏதாவதொரு சாலையில் ஈரக் காரோடு இரண்டு சிக்னல் தாண்டிப் பார்க்க. கழுவியதன் பயன் அங்கேயே முடிந்துவிடும்.

துடைத்தே ஆக வேண்டும் என்று நிறுவியாயிற்று. எதைத் துடைக்கிறோம்? காரின் நிறத்துக்கு மேலே ‘கிளியர் கோட்’ எனும் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். மனிதத் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். நாம் பளபளப்பு என்று பெருமைப்படுவதெல்லாம் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில் இருக்கிறது. இதன் மேல் தெருப்புழுதியை வைத்துத் தேய்க்கிறோம். தெரு மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடின அளவுகோலில் அதற்கு 7. கண்ணாடியே 5.5 அளவில்தான் நிற்கிறது. கிளியர் கோட் அந்தப் போட்டிக்கே வராது.

இப்படி விழும் நுண்கீறல்களைப் பற்றி ஒரு பெரும் அநீதி நாட்டில் நடக்கிறது. வெயிலில் நின்று கறுப்புக் காரைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். உடனே கார்க்காரர், துடைப்பவரை அழைத்து, “வட்டமாத் தொடைக்காதப்பான்னு எத்தன வாட்டி சொல்றது?” என்கிறார். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், விளக்கைச் சுற்றி வளையங்கள் இருப்பதுபோல் தோன்றுகிறது. பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் வளையமும் கூடவே நகரும். ஆகவே நேர்கோட்டில் துடைத்தவரும் வட்டமாகத் துடைத்த பழியைச் சுமக்கிறார். துடைப்பவர் தரப்பில் யாரும் இதை இதுவரை எடுத்துச் சொல்லாததால் இங்கே பதிவு செய்கிறேன்.

துணியைப் பொறுத்தவரை அறிஞர் உலகம் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது: பருத்தியர், தோலியர், நுண்ணிழையர்.

பருத்தியரே மூத்த மரபினர். இவர்களுக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு. ஈரிழைத் துண்டுக் கட்சியினர், ஈரோடும் சென்னிமலையும் இருக்க வேறெதற்கு என்பார்கள். இழை இரண்டிரண்டாகச் சேர்த்து நெய்த துண்டு. உடம்பு துடைக்க அதற்கு இணையில்லை என்பதை எதிர்க்கட்சியும் ஒப்புக்கொள்ளும். அடுத்தது ‘டர்க்கி டவல்’ கட்சி. கண்ணி கண்ணியாகப் புடைத்து நிற்கும் இந்த நெசவைத் துருக்கியில் பார்த்த இங்கிலாந்தின் கிறிஸ்டி நிறுவனத்தார் அதை இயந்திரத்தில் நெய்யச் செய்து, 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார்கள். இன்று நம் நாட்டில் சோலாப்பூர் அதற்குப் பெயர்பெற்ற ஊர்.

மூன்றாவது கட்சி வேட்டிக் கட்சி. நெடுநாள் துவைத்து நைந்த எட்டு முழத்தின் மென்மைக்கு முன் புதுத்துணி எதுவும் நிற்காது என்பது இவர்களின் கொள்கை. கொள்கையில் பிழையில்லை. ஆனால் கரையில் ஜரிகை ஓடுகிறதே, அதைக் கிழித்து எறிந்த பின்னரே கொள்கையைக் காருக்குப் பயன்படுத்த வேண்டும். கட்சிக் கரை வேட்டியானால் சாயம் போகிறதா என்று நனைத்துப் பார்ப்பதும் நலம்.

நான்காவது, திருப்பூர்க் கட்சி. கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் ஒர்க்‌ஷாப்புகளின் உயிர்நாடி. கிரீஸ் துடைக்க அதைவிட்டால் ஆளில்லை. காருக்கு அதை எடுக்கும்போதுதான் சிக்கல்: மூட்டையில் வருவது பருத்தியா பாலியஸ்டரா என்பது மூட்டையைக் கட்டியவருக்கே வெளிச்சம். சில துண்டுகளில் தையல் முடிச்சு இருக்கும், சிலவற்றில் தலைவர் படமே ரப்பர் மையில் இருக்கும். தலைவர்கள் தண்ணீரை இழுப்பதில்லை.

பருத்தியர் மரபில் ஓர் உண்மை தற்செயலாகப் பொதிந்திருப்பதையும் மறைக்கக் கூடாது. புதுத்துண்டு தண்ணீரை இழுக்காது. நெய்யும்போது பாவுக்கு ஏற்றிய கஞ்சியும், கடையில் கைக்கு மெத்தென்று இருக்கக் கடைசியில் ஏற்றிய பூச்சும் இழையை மூடிக்கொண்டிருக்கும். சில தடவை துவைத்த பிறகே இழை வாய் திறக்கும். ஆகவே பழந்துணியைக் காருக்கு ஒதுக்கிய நம் இல்லத்தரசியரின் முடிவு, உறிஞ்சும் திறனைப் பொறுத்தவரை சரியானதே. அவர்கள் பிசகிய இடம் வேறு. அந்தத் துணி காருக்கு வருமுன் கால்மிதியாக இருந்துவிட்டு வருகிறது. வீட்டார் அனைவரின் காலடி மணலையும் கண்ணிக்குள் சேமித்துக்கொண்டு வரும் ஒரு துணி, பழையதாக இருந்தென்ன, பருத்தியாக இருந்தென்ன? கால்மிதிக்கு முந்தைய பதவியிலேயே அதைப் பிடித்து நிறுத்தியிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

தோலியரைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஐரோப்பிய மலைகளில் வாழும் ஷாமி என்ற விலங்கின் தோலில் தொடங்கியது அம்மரபு. அது நம் வரையாட்டுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். பிறகு செம்மறியாட்டுத் தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்தி அதே பெயரில் விற்றார்கள். இன்று நம் ஊர்க் கடைகளில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும் ஷாமிக்குத் தோல் உறவே கிடையாது. அது செயற்கைப் பொருள். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரை நன்றாக உறிஞ்சும், காய்ந்தால் அப்பளம். அதைவிட முக்கியமான குறை, அதன் மேற்பரப்பு வழவழப்பானது. மாட்டிய மணல் உள்ளே போக இடமில்லாமல் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவிலேயே உருளும். கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நுண்ணிழையர் இளையவர்கள், ஆனால் கடைத்தெரு அவர்கள் கையில். 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ மிக நுண்ணிய இழைகளைக் கொண்டு செயற்கைத் தோல்துணியைச் செய்தபோது, அது சென்னை சிக்னலில் மஞ்சள் துணியாக விற்கும் நாள் வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். 9000 மீட்டர் நீளமுள்ள இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். அதற்கும் குறைந்தது நுண்ணிழை, அதாவது மைக்ரோஃபைபர். பெரும்பாலும் பாலியஸ்டரும் பாலியமைடும் 80க்கு 20, அல்லது 70க்கு 30 என்ற கலவையில் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை: பாலியஸ்டர் தண்ணீரைக் குடிக்கவே குடிக்காத இழை. பருத்தி சும்மா காற்றில் தொங்கும்போதே தன் எடையில் 8 சதவீதம் போல ஈரம் வைத்திருக்கும். பாலியஸ்டரால் அரை சதவீதம்கூட முடியாது. ஆனாலும் மைக்ரோஃபைபர் ஒரே இழுப்பில் பானெட்டைக் காயவைத்துவிடுகிறது. காரணம், தண்ணீர் இழைக்குள் போகவில்லை. பிளந்து கிடக்கும் இழைகளின் நடுவே உள்ள சந்துகளில் நுண்புழை விசையால் ஏறி நிற்கிறது. மணலுக்கும் அதே சந்துகளில் இடம் கிடைக்கிறது. பெயின்ட் பிழைத்துப்போகிறது.

கடைக்காரர் “800 ஜி.எஸ்.எம். சார், டாப் குவாலிட்டி” என்பார். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். இதை நம்பவும் வேண்டாம், சண்டையிடவும் வேண்டாம். வீட்டுச் சமையலறைத் தராசு போதும். 40க்கு 60 சென்டிமீட்டர் துணி உண்மையிலேயே 800 என்றால் 192 கிராம் இருக்க வேண்டும். 40க்கு 40 துணி 400 என்றால் 64 கிராம். நிறுத்துப் பார்த்தால் பல அட்டைகளில் அச்சிட்ட எண்ணுக்கும் துணிக்கும் அறிமுகமே இல்லை என்பது தெரியவரும். பிளந்த இழையா என்று அறிய உள்ளங்கையால் தடவுக; பாத்திரம் தேய்த்துக் காய்த்த கையானால் இன்னும் நல்லது. தோலைப் பிடித்து இழுத்தால் அசல். வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் பாலியஸ்டர், கைக்குட்டைக்கும் ஆகாது.

இத்துணியைக் கெடுப்பது மிகச் சுலபம். மெஷினில் பருத்தித் துணியோடு போட்டால் பனியன் பஞ்சு முழுவதையும் வாரிக்கொள்ளும். வாசனைக்கும் மிருதுவுக்கும் ஊற்றும் திரவத்தை ஊற்றினால் சந்துகள் அடைபட்டு, தண்ணீரைத் தடவுமே தவிர எடுக்காது. அதிகச் சூடு பட்டால் இழை முனை உருகிக் கெட்டியாகும். தனியாக, சாதாரண சோப்புத்தூளில் துவைத்து நிழலில் போட்டால் போதும்.

எல்லாக் கோட்பாடுகளும் கடைசியில் கார் நிறுத்துமிடத்தில், ஒரே வாளியோடு வரிசையாகக் கார்களைத் துடைத்துக்கொண்டு போகும் மனிதரிடம் வந்து நிற்கின்றன. அங்கே பதிவான ஓர் உரையாடல்:

“சார், தொணி ஒண்ணு நல்லதா குடுங்க சார். இது தண்ணியே இழுக்க மாட்டேங்குது.”

“போன மாசந்தானேப்பா குடுத்தேன்?”

“அது உங்க பையன் ஃபுட்பால் பனியன் சார். அதுலயே வழுக்குது.”

மூன்று மரபுகளையும் ஒரே வாக்கியத்தில் கடந்துபோன இந்தத் திறனாய்வுக்கு மேல் நான் சேர்க்க அதிகமில்லை. என் தீர்ப்பு இது: மைக்ரோஃபைபர் முதலிடம், கால்மிதியாகாத பழைய பருத்தி இரண்டாமிடம், அதுவும் தேய்க்காமல் விரித்து ஒற்றி இழுத்தால். கூரையிலிருந்து கீழ்நோக்கி வருக. கதவின் அடிப்பகுதியும் சக்கரமும் கடைசி. அங்கே போன துணி மறுபடி மேலே ஏறக் கூடாது. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடர்வது வழக்கத்தில் இருந்தாலும் விதியில் இல்லை. விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆயுத பூஜைக்குக் காருக்கு மாலை, வாழைக்கன்று, எலுமிச்சம்பழம் என்று கணக்குப் போடும்போது இரண்டு துணியையும் அந்தச் சீட்டில் எழுதுங்கள், ஒன்று உடம்புக்கு, ஒன்று சக்கரத்துக்கு. நிறம் வேறு வேறாக இருக்கட்டும். துடைப்பவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.