மூக்கையா மகன்

என் இனிஷியல் ‘மூ’. செட்டியார்பட்டியில் இதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அது ஒரு விடுகதை ஆயிற்று. “மூர்த்திங்களா சார்?” என்றார் பக்கத்து மேசைக்காரர். அப்பா பெயர் மூக்கையா என்றேன். அவர் பார்வை நேராக என் முகத்தின் நடுவில் வந்து நின்றது. அங்கே சரக்குக்குக் குறைவில்லை. “ஓ, பரம்பரையா!” என்று தலையாட்டிக்கொண்டார்.

பரம்பரை மூக்குக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது. எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர் வாக்காளர் பட்டியலையும் புரட்டுங்கள். மூக்கன், மூக்கையா, மூக்கம்மாள், மூக்காயி என்று ஒரு கூட்டமே இருக்கும். உசிலம்பட்டிப் பக்கமும் அப்படித்தான். 1974-இல் கச்சத்தீவைக் கொடுக்கக்கூடாது என்று மக்களவையில் எதிர்த்துப் பேசிய பி.கே. மூக்கையாத் தேவர் பெயர் நாட்டுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். ஒரு வீட்டில் பிள்ளைகள் பிறந்து பிறந்து தவறிப்போனால், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு மூக்கைக் குத்திவிடுவார்கள். ஆண் பிள்ளையானாலும் சரி. லட்சணமான பிள்ளை மேல்தான் எமனுக்குக் கண். மூளிப்பட்டதைத் தொடமாட்டான் என்று ஒரு கணக்கு. சிலர் பிள்ளையைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பைச்சாமி, குப்பம்மாள் என்பார்கள். சிலர் தவிட்டுக்கு விற்றுத் திருப்பி வாங்குவார்கள். எமன் இவ்வளவு சுலபமாக ஏமாறுவான் என்று நம்பிய நம் முன்னோர், நிலப் பத்திரத்துக்கு மட்டும் நாலு சாட்சி கேட்டார்கள்.

அப்பாவுக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. ஆகவே வலது மூக்கில் குத்து விழுந்தது. ஓட்டை தூர்ந்துபோனாலும் கடுகளவு குழி கடைசிவரை இருந்தது. சவரம் முடித்து முகம் கழுவித் துடைத்த பிறகும் அந்தக் குழியில் மட்டும் துளி சோப்பு நுரை நிற்கும். அதோடேயே தறிக்குப் போய்விடுவார்.

“குத்தும்போது வலிக்கலையா ஆச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வலிக்காம என்ன? ஊரே கூடுற மாதிரி கத்துனான். அப்படிக் கத்துற பிள்ளை எங்கிட்டுப் போயிரும்?”

உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த உறுப்புக்கு நம் பேச்சில் கிடைக்கும் மரியாதையைப் பாருங்கள். கைக்கு ராசி உண்டு, நாக்குக்குச் சுத்தம் உண்டு. மூக்கு என்றால் வேண்டாத இடத்தில் நுழையும், பிறகு உடைபடும். கோபம் எங்கே பிறந்தாலும் வந்து குந்துவது அதன் நுனியில். பந்தியில் வாய் செய்த அக்கிரமத்துக்கு முட்டுவது மூக்கு வரை. பொடி போட்ட கைக்கு ஒன்றுமில்லை, தும்முவது மூக்கு. பெண் பார்க்கப் போனவர்கள் “மூக்கும் முழியுமா இருக்கா” என்று ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார்கள். அதிலும் முழி பங்குக்கு வந்துவிடுகிறது. கல்யாணம் ஆகாமல் சுற்றும் பயலுக்கு ஊர் சிபாரிசு செய்வது மூக்கணாங்கயிறு.

‘மூக்கறுந்தான்’ என்பதோ எங்கள் சீமையில் நிஜமாகவே நடந்தது. 1650-களின் கடைசியில் மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்தது. அப்போது திருமலை நாயக்கர் நோயில் கிடந்தார். ஆண்டாளுக்குப் பூசை முடிந்த சேதி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மணிமண்டபம் மணிமண்டபமாக மதுரைக்கு எட்டிய பிறகுதான் இலையில் உட்காருவார் என்று எங்கள் பக்கத்தார் பெருமையடிக்கும் அதே நாயக்கர்தான். அவர் சேதுபதியிடம் உதவி கேட்டார். ராமநாதபுரத்துப் படை வந்தது, மைசூரார் ஓடினார்கள். மதுரைப் படை விரட்டிக்கொண்டு மைசூர் நாட்டுக்குள்ளேயே போய்ப் பதிலுக்கு மூக்கறுத்தது. வரலாற்றில் இதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். ஜெயித்தவன் தோற்றவன் இரண்டு பக்கமும் மூக்கில்லாமல் நின்ற சண்டையை வெற்றி என்று எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மூக்கால் மதிப்புப் பெற்ற ஜீவன் ராஜபாளையம் நாய். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. குட்டி வாங்க வருகிறவர் அதன் மூக்கைத்தான் முதலில் உற்றுப் பார்ப்பார். கறுத்திருந்தால் பேரம் அங்கேயே படுத்துவிடும். 2005-இல் தபால்தலையிலும் ஏறிவிட்டது அந்த முகம். அடுத்து ஆண்டாள் கையிலிருக்கும் கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மனுஷ மூக்குக்கு அந்த யோகமில்லை.

இப்போது செட்டியார்பட்டித் தெருவில் தறி ஓட்டும், நைட்டி தைக்கும் இளவட்டங்களில் மூக்கையா அபூர்வம். எண்கணித ஜோசியர்கள் அந்தப் பெருமை தங்களுடையது என்பார்கள். உண்மையில் பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது, தடுப்பூசி வந்தது, பிள்ளைகள் தங்கின. எனக்கு மகன் பிறந்ததும் அப்பா பெயரை வைக்கலாம் என்றேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி கையை நிறுத்தவேயில்லை. “நல்லாயிருக்க பிள்ளைக்கு எதுக்குல அந்தப் பேரு?” என்றாள்.

மகன் பெயர் கார்த்திக். அவன் வகுப்பில் இன்னும் மூன்று கார்த்திக் இருக்கிறார்கள்.