விடுங்க சகலை, விடாதீங்க!

"விடுங்க சகலை... விடுங்க... ஐயோ, விடாதீங்க!"

பக்கத்து சீட்டிலிருந்து இடது காலுக்கு வந்த இந்த இரண்டு உத்தரவில் எதைக் கேட்பது என்று தெரியாமல், பச்சை விளக்கில் வண்டியை ஆஃப் செய்துகொண்டு நின்றவர்களுக்கு இவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிலருக்குப் பெரியப்பா, சிலருக்கு மாமனார், சிலருக்கு மாடி வீட்டுக்காரர். பொதுவாக ஒரு வகை மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறிப்பாக யாரையும் சொல்லவில்லை. சாலிகிராமத்தில் குடியிருப்பவரை, எப்போதும் சந்தனக் கலர் சட்டை போடுபவரை, என் மனைவியின் அக்காவைக் கட்டியவரை நிச்சயமாகச் சொல்லவில்லை.

இவர்கள் ஏறியதும் ஏசி காற்றைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வது, ஜன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். கிளட்ச் விடச் சொல்லித்தரும்போது இவர்கள் சொல்லும் உவமைக்கு வருவோம்.

சகலைக்கு (இனி அப்படியே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது) கிளட்ச் ஒருநாளும் கிளட்சாக இருந்ததில்லை. அது எப்போதும் வேறு ஏதோ ஒன்று "மாதிரி". வடபழனி சிக்னலில் வண்டியை எடுக்கும்போது அது குழந்தை. "தூங்குற குழந்தையைத் தொட்டில்ல போட்டுட்டு கையை உருவுவோமே, அந்த மாதிரி விடணும் சகலை. எடுத்ததே அதுக்குத் தெரியக் கூடாது." அடுத்த சிக்னலில் கூழ் வடகம். "காஞ்ச வடகத்தைத் துணியோட பின்னால தண்ணி தெளிச்சு உரிப்பாங்க பாருங்க. இழுத்தா பிஞ்சிரும். அதுவா வரணும்." அதற்கு அடுத்ததில் மெதுவடை. "எண்ணெயில போடக் கூடாது சகலை, நழுவ விடணும்." நான் ஓட்டுவது என்னவோ ஒரு சின்ன பெட்ரோல் கார். கால் மணி நேரத்தில் அதைக் குடித்தனம் நடக்கும் வீடாகவே ஆக்கிவிடுவார். ஒரு பக்கம் தொட்டில் ஆடும், மாடியில் வடகம் காயும், அடுப்பில் எண்ணெய் கொதிக்கும். எல்லாவற்றுக்கும் பொறுப்பு என் இடது கால்.

அதிலும் ஒரு சிக்கல். குழந்தையிடமிருந்து கையை உருவ ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய்ச் சட்டிக்கு மேலே வடையோடு ஒரு நிமிடம் நின்றால் விரல் என்ன ஆகும்? இதை அவரிடம் ஒருமுறை கேட்டேன். "அது அந்த சிக்னலுக்கு, இது இந்த சிக்னலுக்கு" என்றார்.

உவமை இல்லாமல் நான் சொல்லிப் பார்க்கிறேன். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் எஞ்சின் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று, அதற்குச் சற்று மேலே கீழே, சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் சுற்றவில்லை. நடுவில் கிளட்ச் பிளேட். பெடலைச் சட்டென்று விட்டால் சுற்றுவதும் சுற்றாததும் ஒரே நொடியில் மோதி, ஒன்று வண்டி தவளையாகத் துள்ளும், இல்லையென்றால் எஞ்சின் உயிரை விடும். ஆகவே பிளேட் கொஞ்சம் வழுக்கி, உரசி, இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வர ஓரிரு நொடி தர வேண்டும். அந்த ஓரிரு நொடிதான் விஷயம். டீசல் வண்டியாக இருந்தால் பெரும்பாலும் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே நகர்ந்துவிடும். என் வண்டிக்கு லேசாக ஒரு மிதி வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இதற்கு இவ்வளவுகூடப் பேசவில்லை. "மெதுவா விடு. சத்தம் கம்மும், மூக்கு லேசா தூக்கும். அங்கயே காலை நிறுத்து. ரெண்டு எண்ணு. மிச்சத்தை விடு." அவ்வளவுதான். சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வருவார். அந்த நிதானத்தை அவருடைய குணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அவர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்சும் பிரேக்கும் இருந்தன. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கின்றன. என் சகலைக்குச் சட்டம் எதுவும் கொடுக்கவில்லை. அவர் காலடியில் மிதியடி மட்டும்தான். மிதிக்கப் பெடல் இல்லாத மனிதர் உவமையை மிதிக்கிறார். இதை நினைத்தால் பாவமாகக்கூட இருக்கும், கோடம்பாக்கம் பாலம் வரும்வரை.

கோடம்பாக்கம் பாலத்தில் மாலை ஏழு மணிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், ஏறுவது என்பது பேச்சுக்குத்தான். ஏற்றத்தில் நிற்பது, ஓரடி நகர்வது, மறுபடி நிற்பது. வள்ளுவர் கோட்டம் பக்கம் ஒரு ரிசப்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் சகலை. பின்னால் மாமியார், என் மனைவி, அவள் அக்கா, நடுவில் பரிசு டப்பா. எங்களுக்குப் பின்னால் ஓர் ஆட்டோ, அதற்குப் பின்னால் மாநகரப் பேருந்து.

"இங்கதான் சகலை வித்தையே. கிணத்துல தண்ணி சேந்தும்போது ஒரு கை கயிறைப் பிடிச்சிருக்கும், இன்னொரு கை மாறும். ரெண்டையும் ஒரே நேரத்துல விட்டா வாளி போச்சு."

நியாயமாகச் சொல்ல வேண்டும், இந்த உவமை அருமையானது. ஹேண்ட் பிரேக் ஒரு கை, கிளட்ச் இன்னொரு கை. கிளட்ச் வண்டியைப் பிடித்துக்கொண்டது தெரிந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும் என்று லைசென்ஸ் தேர்வு விதியிலேயே இருக்கிறது. உவமை சொல்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. நான் கயிறைப் பிடித்தேன், மூக்கு தூக்கியது, ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தேன். அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இல்ல சகலை, அதைவிடக் கரெக்டா சொல்லணும்னா, மாமியார்கிட்ட கடன் கேக்கற மாதிரி. படிப்படியா, பதமா..."

பின்சீட்டிலிருந்து மாமியார் குரல் வந்தது: "கேட்டதெல்லாம் பதமாத்தான் கேட்டீங்க மாப்ளே. திருப்பித் தர்றதுலதான் இன்னும் ஹேண்ட் பிரேக்கே எடுக்கல."

சிரிப்பில் என் கால் நழுவியது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகி, ஒரு முழம் பின்னால் உருண்டது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா சார், போறியா, வர்றியா?" என்றார். சகலை என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "வாளியை விட்டுட்டீங்களே."

நன்றாக எடுத்த நாளும் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை, டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார்கூட ஆடவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது: "ஜப்பான்காரன் இன்ஜினே இன்ஜின்." ஆஃப் ஆனால் அது நான். ஆகாவிட்டால் அது ஜப்பான்.

அவர் அம்பாசடரில், ஸ்டியரிங்கை ஒட்டிய கியரில் கற்றுக்கொண்டவர். பிறகு மாருதி எண்ணூறு. அந்த இரண்டு வண்டிகளின் உற்பத்தியும் 2014-இல்தான் நின்றது. அதே ஆண்டில்தான் கிளட்ச் பெடலே இல்லாத கியர், சின்னக் கார்களிலும் சல்லிசாக வந்து சேர்ந்தது. சகலை என்ன செய்தார்? வாங்கிவிட்டார். ஆமாம், உலகத்துக்கே வடகம் உரிக்கச் சொல்லித்தரும் மனிதர் ஓட்டுவது இரண்டு பெடல் வண்டி. அதிலும் கிளட்ச் இருக்கிறது, மிதித்து விடுவது மட்டும் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரிடம் அவர் குழந்தை, வடை என்று ஒருநாளும் பேசியதில்லை. இடது முட்டி வலி என்று அக்கா சொன்னாள். இருக்கலாம்.

ஏற்காடு போனபோது இருபது கொண்டை ஊசி வளைவில் 14-ஆவது வளைவோடு என் கிளட்ச் பிளேட் தீய்ந்துபோனது. "கால் கிளட்ச்லயே இருக்கட்டும் சகலை, தொட்டில் மேல கை இருக்கற மாதிரி" என்று அடிவாரத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தவர் அவர்தான். ஆனால் அன்றைக்குப் பெண்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, இழுவை வண்டி வரும்வரை நான்கு மணி நேரம் என்னோடு பாறையில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். எங்கிருந்தோ டீ வாங்கி வந்தார். குரங்கு பறித்துக்கொண்டு போன தன் பன்னுக்காகக் கவலைப்படாமல் என் பன்னில் பாதி வாங்கிக்கொண்டார். "பிளேட் செலவுல பாதி என் கணக்கு சகலை" என்றும் சொன்னார். மாமியார் போல நானும் காத்திருக்கிறேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. எங்கள் கார் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. குடும்பத்தோடு வெளியே கிளம்பிய நாளில் என் மனைவி ஒருமுறைகூட முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. மாதத் தவணையில் பாதி அவள் சம்பளம். "உங்க வண்டியில வாங்களேன் அண்ணே" என்று சகலையிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அவர் வண்டியை எடுத்தால் வீட்டு வாசலில் பார்க்கிங் இடம் போய்விடுமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் சீக்கிரமே கிளம்பி, சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள். கார் பக்கத்தில் சந்தனக் கலர் சட்டை நின்றுகொண்டிருந்தது. அவள் ரிமோட்டை அமுக்கியதும் முன்கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"போலாமா சகலை? இன்னிக்கு ஒரு புது மாதிரி சொல்றேன்."

என் மனைவி பின்கதவைத் திறந்து ஏறினாள். அவர் தன் சீட்டை இன்னும் இரண்டு விரல் பின்னால் தள்ளிக்கொண்டார்.