வியன்னாவின் கல்யாண நீதிபதி

சட்டம் என்றால் சட்டம் மட்டும்தான். அதில் சாமி, அரசியல், ஒழுக்கம், நியாயம், தர்மம் எதையும் கலக்காதீர்கள் என்று ஒரு மனுஷன் தொண்ணூற்றொரு வயது வரை சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. வாங்கினார்கள். வாங்கிக்கொண்டு வேலையை விட்டுத் தூக்கினார்கள்.

ஹான்ஸ் கெல்சன் 1881இல் பிராகா நகரில் பிறந்தார். அப்பாவுக்கு விளக்கு வியாபாரம். பிள்ளை வியன்னாவில் சட்டம் படித்தார். பிறப்பால் யூதர். பேராசிரியர் நாற்காலிக்கும் யூதர்களுக்கும் அந்த ஊரில் ஏழாம் பொருத்தம் என்பதால் 1905இல் கத்தோலிக்கரானார். 1912இல் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் லூதரன் ஆனார். ஆஸ்திரியச் சட்டத்தில் கத்தோலிக்கருக்கு விவாகரத்து கிடையாது, லூதரன்களுக்கு உண்டு. இப்படியொரு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, அறுபது வருஷம் ஒரே மனைவியோடு வாழ்ந்து அதை வீணடித்தார்.

முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்கச் சொன்னால் என்ன ஆகியிருப்பாரோ, நல்ல வேளை, ஹாப்ஸ்பர்க் பேரரசின் கடைசிப் போர் அமைச்சருக்குச் சட்ட ஆலோசகராக உட்கார வைத்தார்கள். ஆலோசனை எப்படி இருந்ததோ, 1918இல் பேரரசே போய்விட்டது. மிச்சமிருந்த துண்டு குடியரசானது. அதன் சான்சலர் கார்ல் ரென்னர். நாடு இருக்கிறது, அரசியலமைப்பு இல்லை. கூப்பிடு கெல்சனை.

கெல்சன் ஒன்றுக்கு ஐந்தாறு வரைவு எழுதிக் கொடுத்தார். சோஷலிஸ்டுகளும் கிறிஸ்தவ சமூகக் கட்சியினரும் அதைப் பிய்த்து, ஒட்டி, முறைத்துக்கொண்டே 1920 அக்டோபர் 1 அன்று நிறைவேற்றினார்கள். அதில் கெல்சனின் செல்லப்பிள்ளை அரசியலமைப்பு நீதிமன்றம். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தையே செல்லாது என்று தள்ள அதற்கு அதிகாரம். ஐரோப்பாவுக்கு இது புதுச் சரக்கு. ஆயுள் முழுக்கப் பதவி என்று சொல்லி அதே நீதிமன்றத்தில் கெல்சனையும் நீதிபதியாக உட்கார வைத்தார்கள். அந்த ‘ஆயுள் முழுக்க’ எத்தனை நாள் தாங்கியது என்பது பின்னால் வரும்.

பிரச்சினை கல்யாணத்தில் வந்தது. 1811ஆம் வருஷத்துச் சிவில் சட்டப்படி, கத்தோலிக்கத் தம்பதிக்கு ஒத்துவரவில்லையா, தனித்தனியாக இருந்துகொள்ளலாம். மறுமணம் மட்டும் கூடாது. முதல் துணை சாகும்வரை காத்திருக்க வேண்டும். அதே சட்டத்தின் ஒரு மூலையில், முக்கியமான காரணம் இருந்தால் திருமணத் தடைகளிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம் என்று ஒரு வரி தூங்கிக்கொண்டிருந்தது. கீழ் ஆஸ்திரியாவின் ஆளுநர் ஆல்பெர்ட் செவர் என்ற சோஷலிஸ்ட் அந்த வரியை எழுப்பினார். கேட்டவர்களுக்கெல்லாம் விலக்கு. ஆயிரக்கணக்கான ஜோடிகள் அரசு முத்திரையோடு இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார்கள். ‘செவர் கல்யாணம்’ என்றே ஊர் பெயர் வைத்தது.

அந்தப் பக்கம் சிவில் நீதிமன்றங்கள், இப்படி விலக்குக் கொடுத்ததே தப்பு, இந்தக் கல்யாணங்கள் செல்லாது என்று வரிசையாகத் தீர்ப்பு எழுதின. ஒரு கட்டடத்தில் அரசாங்கம் தாலி எடுத்துக் கொடுக்கிறது. நாலு தெரு தள்ளி இன்னொரு கட்டடத்தில் அதே அரசாங்கம் அறுத்துப் போடுகிறது. இரண்டாவது மனைவியும் அலுத்துப்போன புருஷர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஜீவனாம்சப் பேச்சே இல்லை. ‘ஐயா, என் கல்யாணம் செல்லாதாமே’ என்று அப்பாவி முகத்தோடு நீதிமன்ற வாசலில் போய் நின்றால் போதும்.

விவகாரம் கெல்சனின் நீதிமன்றத்துக்கு வந்தது. 1927இல் தீர்ப்பு. விலக்கு கொடுத்தது சரியா தப்பா என்ற பேச்சுக்கே அது போகவில்லை. நிர்வாகம் போட்ட உத்தரவைச் செல்லாதென்று சொல்ல சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். காதலும் இல்லை, கடவுளும் இல்லை. வெறும் அதிகார வரம்பு. எழுதியவருக்கு அது சட்டக் கணக்கு. படித்தவர்களுக்கோ, பேராசிரியர் பாவத்துக்குப் பந்தல் போடுகிறார் என்று தோன்றியது. கத்தோலிக்கப் பத்திரிகைகள் அவரைப் பிழிந்து காயப்போட்டன. இரண்டு கல்யாணம் செய்துகொண்டவர்களெல்லாம் நிம்மதியாகக் குடித்தனம் நடத்த, ஒரே கல்யாணம் செய்துகொண்டவர் அவமானப்பட்டார்.

அவரை நீக்குவது எப்படி? ஆயுள் பதவியாயிற்றே. கிறிஸ்தவ சமூகக் கட்சியினர் யோசித்தார்கள்: நீதிபதியை மாற்ற முடியாது, அரசியலமைப்பை மாற்றலாமே! 1929இல் திருத்தம் வந்தது. நீதிமன்றமே மாற்றி அமைக்கப்பட்டது, பழைய நீதிபதிகளின் பதவிக்காலம் முடிந்தது. இதில் ஒரு விஷமம் பாருங்கள். உரிய முறைப்படி வந்த விதி செல்லும், அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி என்று இருபது வருஷமாக வகுப்பெடுத்தவர் கெல்சன். திருத்தமும் உரிய முறைப்படி நிறைவேறித் தொலைத்தது. தன் புத்தகத்தை மேற்கோள் காட்டி எதிர்க்கக்கூட வழியில்லை. சோஷலிஸ்டுகள், ‘எங்கள் பங்கில் உங்களையே மறுபடி அனுப்புகிறோம்’ என்றார்கள். கட்சி ஆளாக உட்கார மாட்டேன் என்று மறுத்துவிட்டு, 1930இல் ஜெர்மனிக்கு ரயிலேறினார்.

ஜெர்மனிக்குப் போக அவர் தேர்ந்தெடுத்த நேரத்தைக் கவனியுங்கள்.

கொலோன் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறைத் தலைவரானார். கார்ல் ஷ்மிட் என்ற பேராசிரியரை அங்கே கொண்டுவரும் பேச்சு எழுந்தது. அரசியலமைப்பின் காவலன் நீதிமன்றமா, குடியரசுத் தலைவரா என்று இருவரும் 1931இல் அச்சில் குடுமிபிடிச் சண்டை போட்டவர்கள். ஆனாலும் கெல்சன் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். 1933 ஏப்ரலில் நாஜி அரசு கெல்சனைப் பதவியிலிருந்து ஒதுக்கியது. செய்தி அவருக்கே பேப்பர் பார்த்துத்தான் தெரிந்தது. அவருக்காகத் துறைப் பேராசிரியர்கள் மனு எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், புதிதாக வந்து சேர்ந்த ஷ்மிட்டைத் தவிர.

பிறகு ஜெனீவா. நடுவில் பிறந்த ஊர் ஆசையில் பிராகா. 1936இல் அங்கே முதல் வகுப்பிலேயே தேசியவாத மாணவர்கள், யூதரும் கம்யூனிஸ்டும் தவிர மற்றவர்கள் வெளியேறுங்கள் என்று கூச்சலிட்டு அரங்கைக் காலி செய்தார்கள். 1940இல் அமெரிக்கா. ஹார்வர்டில் கொஞ்ச நாள், அப்புறம் பெர்க்லி. உலகம் மெச்சிய சட்ட அறிஞருக்கு அங்கே இடம் கிடைத்தது அரசியல் துறையில்! எதைக் கலக்காதே என்று சொன்னாரோ, அதன் மடியிலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றார்.

இனி பாகிஸ்தான். அதற்கு முன் கெல்சனின் கோட்பாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். போலீஸ்காரர் ஏன் அபராதம் போடலாம்? சட்டம் சொல்கிறது. சட்டம் ஏன் செல்லும்? அரசியலமைப்பு சொல்கிறது. அரசியலமைப்பு ஏன் செல்லும்? இந்த இடத்தில் கேள்வியை நிறுத்தி, ‘செல்லும் என்று வைத்துக்கொள்வோம்’ என்றார் கெல்சன். அதுதான் அவருடைய அடிப்படை நெறி. புரட்சி நடந்து வெற்றி பெற்றால் அந்த அடிப்படையே மாறிவிடும் என்றும் எழுதிவைத்தார். 1958 அக்டோபர் 7 அன்று ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா அரசியலமைப்பைத் தூக்கியெறிந்து ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். அக்டோபர் 27 அன்று தலைமை நீதிபதி முனீர், டோசோ வழக்கில் கெல்சனைத் துணைக்கு அழைத்து, வெற்றி பெற்ற புரட்சி தானே சட்டம் என்று தீர்ப்பளித்தார். மிர்சாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! அன்று ராத்திரியே ராணுவத் தளபதி அயூப் கான் அவரைப் பதவியிலிருந்து இறக்கி, லண்டனுக்கு வழியனுப்ப ஏற்பாடு செய்தார். அதுவும் வெற்றி பெற்ற புரட்சிதானே.

உகாண்டா நீதிமன்றமும் 1966இல் அதே வழியில் போனது. 1972இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் டோசோ தீர்ப்பைக் குப்பையில் போட்டு, ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் அதிகாரத்தை அபகரித்தவர் என்று துணிச்சலாக அறிவித்தது. யாஹ்யா கான் அப்போது பதவியில் இல்லை, வீட்டுக்காவலில் இருந்தார். அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவில் கெல்சன் கண்ணை மூடினார்.

அவர் எழுதிய அரசியலமைப்பு, நடுவில் ஹிட்லர் வந்து போனதற்குப் பிறகும், இன்னும் ஆஸ்திரியாவில் உயிரோடு இருக்கிறது. 2019இல் ஒரு ரகசிய வீடியோ வெளியாகி, துணைச் சான்சலர் விலகி, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் சான்சலரும் விழுந்தபோது, குடியரசுத் தலைவர் ஃபான் டெர் பெல்லன் பதறவில்லை. நம் அரசியலமைப்பின் நேர்த்தியையும் அழகையும் பாருங்கள் என்று மெய்மறந்து பேசினார். அரசியலமைப்பு நீதிமன்றத் தலைவர் பிரிகிட் பியர்லைனையே சான்சலராக நியமித்தார். அந்த நாட்டின் முதல் பெண் சான்சலர், கெல்சனின் செல்லப்பிள்ளை வீட்டிலிருந்து! ஆனால் சான்சலரைக் குடியரசுத் தலைவரே நியமிக்கலாம் என்ற அந்த அழகான விதி 1920இல் இல்லை. அது 1929இல், கெல்சனை வீட்டுக்கு அனுப்பிய அதே திருத்தத்தில் வந்தது.