துணைக்கு ஒருத்தர்

அஞ்செட்டியில் ஒருவருக்கு நெஞ்சை அடைக்கிறது என்றால், 108-க்கு ஒரு ஆள் போன் போடும்போதே நம்மவரைக் கூட்டிவர இன்னொரு ஆள் ஓடும். அவர் டாக்டர் இல்லை; கம்பவுண்டராகவும் இருந்ததில்லை. எப்போதோ மாமனாரின் குடலிறக்க ஆபரேஷனுக்குத் துணைக்குப் போய், வார்டு வராந்தாவில் நாள்கணக்கில் படுத்துக் கிடந்தார். படிப்பு அங்கே தொடங்கியது. இன்றுவரை முடியவில்லை.

இந்த மாதிரி ஆள் எல்லா ஊரிலும் உண்டு. இது போன்ற கர்நாடக எல்லையோர ஊரில் கொஞ்சம் செழிப்பாக வளர்கிறார். இங்கிருந்து தேன்கனிக்கோட்டைக்குக் காட்டு வழி. யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். ஓசூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். அங்கேயும் கையை விரித்துவிட்டால் ஒரு பக்கம் கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் பெங்களூரு. வீட்டார் அழுதுகொண்டிருக்கும் அந்த நேரத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகத் தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டும்.

“இதயம்னா பெங்களூரு ஜெயதேவா. எலும்புன்னா ஓசூரே போதும். ஆனா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்தப் பக்கம் செல்லாது, அவங்க அவங்க ஊரு கார்டைத்தான் கேப்பாங்க. பணம் இருக்கா, இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல.”

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்த அட்டை கிடைக்கும் என்பதும், அதற்கு யாரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும் என்பதும் அவருக்கு மனப்பாடம். கட்டைப் பையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பிளாஸ்டிக் குவளை, போர்வை, பழைய செய்தித்தாள் எல்லாம் எப்போதும் தயார். கவுன்டரில் கன்னடம், வாட்ச்மேனிடம் தெலுங்கு, பெங்களூரு சிஸ்டர்களிடம் மட்டும் சொந்தமாகத் தயாரித்த ஒரு மலையாளம். சிஸ்டர்கள் சிரிப்பார்கள், வேலை நடந்துவிடும்.

ஈசிஜி எடுக்கப் போகும் பாட்டி “கரண்ட்டு வெக்கறாங்களாம்” என்று நடுங்கினால், “வெக்கறதில்ல பாட்டி, உன் உடம்புல இருந்து எடுக்கறாங்க” என்பார். இது சரியான பதில். இதயம் தானாக உண்டாக்கும் மின்னசைவைத்தான் அந்தக் கருவி தாளில் கோடாக இழுக்கிறது. உள்ளே எதையும் செலுத்துவதில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. “நம்ம கரண்ட்ட எடுத்துட்டு நம்மகிட்டயே காசும் வாங்கறாங்க” என்று சேர்த்துவிடுவார். பாட்டி மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அவருக்குப் பிடித்த பாடம் ஆஞ்சியோகிராம். “போர் போட்டுத் தண்ணி வரலன்னா கேமரா எறக்கிப் பாக்கறோம்ல? அதேதான். மணிக்கட்டுல ஓட்ட போட்டு கேமரா விடுவாங்க.” ஆழ்துளைக் கிணற்றில் கடன்பட்ட ஊர் இது, கேட்டவருக்கு உடனே விளங்கிவிடும். விளங்கியது தப்பு என்பது வேறு விஷயம். உள்ளே கேமரா எதுவும் போவதில்லை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோவார்கள். அதில் அயோடின் சேர்ந்த மருந்தைப் பாய்ச்சி, வெளியிலிருந்து எக்ஸ்ரேயில் படம் பிடிப்பார்கள். மருந்தின் ஓட்டம் எங்கே மெலிகிறதோ அங்கே அடைப்பு. ஆள் விழித்தேதான் இருப்பார். மருந்து இறங்கும்போது சிலருக்கு உடம்பில் குப்பென்று சூடு பரவும். “உள்ள வெந்நி ஊத்திக் கழுவறாங்க” என்று அவர் சொல்வது இதைத்தான்.

ஆஞ்சியோகிராமுக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் உள்ள வேறுபாடு மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. முதலாவது அடைப்பைப் பார்ப்பது. இரண்டாவது அந்த இடத்தில் சிறு பலூனை விரித்து வழி உண்டாக்கி, வழி மூடாதிருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பது. 1977-இல் சூரிச் நகரில் இதை முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயக் குழாயில் செய்த ஆந்திரியாஸ் குருயென்ட்சிக், தம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அந்தப் பலூன் குழாய்களைச் செய்து பார்த்தவர். இதை நம்மவரிடம் நான் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் சமையலறை இருக்கிறது.

ஆனால் ஸ்டென்ட் விலையைக் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வார். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவிலை வைத்தபோது மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், சாதாவுக்கு 7,260. அதற்கு முன் மருந்து பூசியது லட்சத்தைத் தாண்டியும் விற்றது. உடம்புக்குள் இருப்பதில் அவர் தடுமாறுவார். பில்லுக்குள் இருப்பதில் தடுமாறியதே இல்லை.

குளுக்கோஸ் விஷயத்தில் அவரோடு எனக்குத் தீராத வழக்கு. யார் சோர்ந்து படுத்தாலும் டாக்டரிடம் அவர் வைக்கும் முதல் கோரிக்கை, “ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சார்.” ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஆறு தேக்கரண்டி. சலைன் என்றால் நாலரை கிராம் உப்பு. மீதி தண்ணீர். வாந்தி நிற்காதவருக்கும், வாயால் குடிக்க முடியாதவருக்கும் அது உயிர். எழுந்து உட்கார்ந்து பக்கத்துப் படுக்கைக்காரரோடு அரசியல் பேசுகிறவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமே போதும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரிதாம்ப்பா. சொந்தக்காரங்க பஸ் புடிச்சு ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வர்றாங்க. மேல பாட்டிலு தொங்கலன்னா வந்தவங்களுக்கு என்னா மரியாத?”

எனக்கு மறுமொழி இல்லை.

அவருடைய உண்மையான திறமையை எம்.ஆர்.ஐ. அறை வாசலில் பார்க்க வேண்டும். ஒரு பெரியவருக்கு முதுகுத்தண்டு ஸ்கேன். இடுப்பில் வெள்ளி அரைஞாண், கையில் தாயத்து. உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்றார் டெக்னீசியன். “எங்கம்மா கட்டுனது, கழட்டுனா உசுரு போயிரும்” என்று பெரியவர் மறுத்துவிட்டார். டெக்னீசியன் காந்தப்புலத்தை விளக்கிப் பார்த்தார். மகன் கத்திப் பார்த்தான். கடைசியில் நம்மவர் குனிந்து காதில் சொன்னார்: “பெரியப்பா, உள்ள இருக்கறது பெரிய காந்தம். அது இழுத்தா தாயத்தோட சக்தியும் சேந்து போயிரும். என் கையில குடுங்க. வாசல்லயே புடிச்சுகிட்டு நிக்கறேன், நகரமாட்டேன்.” பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்தார். உள்ளே இயந்திரம் தடதடவென்று இடிக்கிற சத்தம். சி.டி. ஸ்கேன் போல எக்ஸ்ரே எதுவும் இதில் இல்லை, காந்தமும் ரேடியோ அலையும்தான். முடிகிறவரை நம்மவர் தாயத்தைப் பிடித்தபடியே நின்றார். டீ வந்தது, இடது கையால் வாங்கிக் குடித்தார்.

பாம்புக்கடியில் அவர் முழுக்க டாக்டர் கட்சி. இறுக்கிக் கட்டாதே, கத்தியால் கீறாதே, காலை ஆட்டாமல் தூக்கிக்கொண்டு ஓடு என்பார். அடித்த பாம்பை உரச்சாக்கில் போட்டுக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே விஷமுறிவு மருந்துதான். சாக்கைப் பிரித்துக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. அதைவிட அவர் பெயர் வாங்கியது இருபது நிமிட விவகாரத்தில். கடிபட்டவரின் ரத்தம் இரண்டு மில்லியை ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியனின் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது. மருந்து ஏற்ற வேண்டும். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. அதற்குக் கண்ணிமை தொங்குகிறதா, மூச்சு சிரமப்படுகிறதா என்று தனியாகக் கவனிப்பார்கள். இது எதுவும் தெரியாத சொந்தபந்தங்கள் “ஆளு கெடக்கறான், டாக்டரு கிளாஸ வெச்சுகிட்டு வேடிக்க பாக்கறாரு” என்று கதவை உடைக்கக் கிளம்புவார்கள். நம்மவர் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். “இருவது நிமிசம். செல்லுல டைம் வெச்சிருக்கேன். அதுக்கு மேல ஆச்சுன்னா நானே ஒடைக்கறேன்.” டாக்டர்கள் அவரைச் சகித்துக்கொள்வதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

சர்க்கரை நோய்க்கு அவர் மருந்து ராகிக் களி. ராகியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், நார்ச்சத்தும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ராகி மாவில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். பந்து பந்தாக உருட்டி இரண்டு உள்ளே தள்ளினால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? டெஸ்டுக்கு முந்தின இரவு மட்டும் பட்டினி கிடக்கச் சொல்லும் யோசனையும் அவருடையதே. ஹெச்பி ஏ ஒன் சி என்ற பரிசோதனை வந்து அதைக் கெடுத்தது. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன. அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. கடைசி இரண்டு மூன்று மாதத்துச் சாப்பாட்டை ஒரு சொட்டு ரத்தம் காட்டிக் கொடுத்துவிடும். “இது நம்பிக்கத் துரோகம்” என்றார்.

அதைவிடப் பெரிய அடி வீட்டு வாசலுக்கே வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். நம்ம மாவட்டம் என்பதில் அவருக்குப் பெருமைதான். பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். துணைக்கு ஆள் தேவைப்படவில்லை. “மாத்திர ஊட்டுக்கே வந்துட்டா மனுசன் எப்பத்தான் நாலு எடத்தப் பாக்கறது?” என்று மாத்திரை கொடுக்க வந்த பெண்ணிடமே கேட்டார். அவள் பதில் சொல்லாமல் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க ஆரம்பித்தாள்.

அவர் போனில் ஆட்களின் பெயர் கிடையாது. ‘ஹெர்னியா நாட்றாம்பாளையம்’, ‘ரெண்டு ஸ்டென்ட் கெலமங்கலம்’, ‘பித்தப்பை தளி ரோடு’ என்றுதான் இருக்கும். மணி அடித்தால், “பித்தப்பை கூப்புடுது, இருப்பா” என்று எழுந்து போவார். யாருக்கு எங்கே எத்தனை தையல் என்பதை டீக்கடையில் கூசாமல் சொல்வார். இரண்டு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுகிற வீட்டைப் பற்றி அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு யாரையாவது கூட்டிப்போய் வந்தால், “பெங்களூருல ஒரு வேல” என்பதோடு சரி. அது ஓசூர் ரோட்டிலேயே இருப்பதால் பொய்யும் இல்லை.

அண்மையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா எதிரே வந்து கும்பிட்டார். நம்மவருக்கு முகம் நினைவில் இருக்கிறது, ஆள் பிடிபடவில்லை. புருவத்தைச் சுருக்கி, கண்ணை மூடி, பிறகு முகம் மலர்ந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“லெஃப்ட் கிட்னி, நாலு எம்.எம்.!”

“ஆமாண்ணா,” என்றார் அவர் பூரித்துப்போய். “நீங்க தண்ணி குடிக்கச் சொன்னீங்களே, அது தானாவே வெளிய வந்துருச்சு. பந்தி போடறாங்க, வாங்க.”