ஆளுக்கொரு பாஸ்வேர்டு, ஊருக்கே என் அப்பா கால்

அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். வாராவாரம் கட்டுப் பிரிக்கும்போது படம் எடுத்துவைத்தால்தான் புண் ஆறுகிறதா, பரவுகிறதா என்று தெரியும். அதற்கென்றே கிளினிக்கில் ஒரு கேமரா வாங்கியிருந்தார்கள். அட்டைப் பெட்டியில் 'வைஃபை உண்டு' என்று போட்டிருந்ததாம்.

சிஸ்டர் பாஸ்வேர்டு போட ஆரம்பித்தார். அம்புக்குறிப் பொத்தானை அமுக்கி அமுக்கி ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டும். பெரிய எழுத்துக்கு ஒரு பக்கம், எண்ணுக்கு இன்னொரு பக்கம். அப்பா பிரித்த காலை ஸ்டூலில் நீட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் 'இணைக்க இயலவில்லை' என்றது கேமரா.

ஐ.டி. தம்பி வந்தார். "சார், நம்மளது எண்டர்பிரைஸ் செக்யூரிட்டி. ஆளுக்கொரு யூசர்நேம், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. இந்தக் கேமராவுக்கு வீட்டு வைஃபை மாதிரி ஒத்தைப் பாஸ்வேர்டுதான் தெரியும்." முகத்தில் அப்படியொரு பெருமை. வாங்கும் முன் கேட்டிருக்கலாமே? "அது பர்ச்சேஸ் வேலை." பர்ச்சேஸோ டாக்டரைக் காட்டியது. டாக்டர் மெகாபிக்சலைப் பார்த்தாராம். சரி, கார்டைக் கழற்றி கம்ப்யூட்டரில் செருகலாமா? செக்யூரிட்டிக்காக அந்த ஓட்டையையும் அடைத்தாயிற்று. அந்த எண்டர்பிரைஸ் யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரிசப்ஷன் மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருந்தன.

சிஸ்டர் தன் சொந்த செல்லை எடுத்தார். ஒரே நிமிஷம். 'டிரெஸ்ஸிங் டீம்' வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் கால் ஏறிவிட்டது, பெயரோடு, வயதோடு. மகன்தானே என்று என்னையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். உள்ளே 38 பேர். வேலையை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், மருந்துக் கம்பெனி ரெப் இருக்கிறார். யார் யாருக்கு எந்த விரல் போனது என்று இப்போது எனக்கு அத்துப்படி.

சிஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே பெஞ்சு நிறைய ஆள், உள்ளே அவர் ஒருத்தர். காவல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை ஹேக்கர்கள் முடக்கியபோது அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி நோட்டும் பேனாவுமாக அல்லாடியது. 2019-இல் செக் பாயிண்ட் ஆய்வாளர்கள் கேனான் ஈஓஎஸ் 80டி கேமரா ஒன்றுக்குள்ளேயே வைஃபை வழியாகப் புகுந்து படங்களைப் பூட்டிக் காட்டினார்கள். அதற்காகத்தான் கேமராவுக்குத் தனி வலை பிரித்து, நோயாளிப் பதிவுக்குப் போக மட்டும் ஒரு சந்து விடுவார்கள். தம்பிக்கு அது தெரியாமலில்லை. "டிக்கெட் போடுங்க சார், பார்க்கலாம்" என்றார். கால் டிக்கெட் பார்த்தா அழுகும்?

தனிநபர் தரவுக்குக் காப்பில்லாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-ஆம் ஆண்டுச் சட்டம். எங்களுக்கு வந்த பில்லில் 'டிஜிட்டல் இமேஜிங்' 350 ரூபாய்.

ஆயுத பூஜைக்குக் கேமரா அலமாரியை விட்டு இறங்கியது. சந்தனம், குங்குமம், லென்ஸுக்கு மேல் ஒரு செவ்வந்தி. அதைச் செல்லில் படமெடுத்துக் குழுவில் போட்டார்கள். கும்பிடு கைகளாக வந்து விழுந்தன. நடுவே தெரியாத ஒரு பெண்ணின் குதிகால்.