விரல் நீளமாகத் தெரியுமாம்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே எல்லாம் நின்றுபோனது. காரணம், பெண்ணின் மோதிரம். பந்தி விசாரிக்க வந்த மணப்பெண் வழக்கம்போல் “எல்லாம் சரியா வருதா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். கையை நீட்டிவிட்டார். பெரியம்மா ஒருவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “என்னடி இது, கல்லு நசுங்கினாப்ல இருக்கு?” என்றார்.

“ஓவல், பெரியம்மா. இது விரலை நீளமாக் காட்டும்.”

அவ்வளவுதான். வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் எச்சில் படாத இடது கையை விரித்து, தங்கள் விரலின் நீளத்தை ஆராய ஆரம்பித்தார்கள். ரச வாளியோடு வந்த பையன் வாளியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். இதை எழுதுபவர் அந்த வரிசையின் கடைசி இலை. சாதத்தில் குழி வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். குழி காய்ந்தது. மோர் வாளி வந்துவிட்டது.

வட்டம் அல்லாத வைரத்தைச் சிலர் ஏன் தேடிப் போகிறார்கள் என்பதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் முதலில் அந்த விரல் சமாசாரத்தைத் தீர்த்துவிட வேண்டும்.

ஒரு காரட் வட்ட வைரத்தின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர். அதே எடையுள்ள ஓவல் ஏறக்குறைய 7.7 மில்லிமீட்டர் நீளமும் 5.7 அகலமும் இருக்கும். ஆக, விரல் போகும் திசையில் கூடுதலாகக் கிடைப்பது 1.2 மில்லிமீட்டர். மோதிர விரல் எப்படியும் 70 மில்லிமீட்டர் இருக்கும். நகத்தைப் பத்து நாள் வெட்டாமல் விட்டாலே கிட்டத்தட்ட இந்த லாபம் கிடைத்துவிடும்; செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, ஜிஎஸ்டி இல்லை. இதைச் சொன்னால், “அப்படி அளந்து பார்க்கக் கூடாது, அது ஒரு தோற்றம்” என்கிறார்கள். சரி, தோற்றம். யாருக்குத் தோன்ற வேண்டும்? பேருந்தில் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கா? அவருக்குத் தெரிவது மடங்கிய விரல். பந்தியில் எதிர் வரிசைக்காரருக்கா? அவர் பார்க்கும் வலது கையில் மோதிரமே இல்லை. சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலைக் காந்தளோடு ஒப்பிட்டார்கள். அதற்காக ஒரு காரட் கூட யாரும் செலவழித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. இதே நீளக் கல்லை இப்போது குறுக்கே, விரலுக்குக் குறுக்காகப் படுக்கவைத்துப் பதிக்கிறார்கள். கிழக்கு மேற்காக வைப்பது என்று பெயர். நெடுக்கே வைத்தால் விரல் நீளும் என்றால், குறுக்கே வைத்தால் விரல் குட்டையாகத் தெரிய வேண்டும் அல்லவா? அப்படி ஒரு விற்பனையாளராவது எச்சரித்தது உண்டா? “இது மாடர்ன் லுக் மேடம்” என்கிறார்கள். நெடுக்கே போனால் கணிதம், குறுக்கே போனால் மாடர்ன்.

காதுக்கு வந்தால் இந்த நியாயம் இன்னும் சிக்கல். உருண்டை முகத்துக்கு நீளமான கல் போட வேண்டுமாம், முகம் நீளமாகத் தெரியும். நீள முகத்துக்கு வட்டக் கல் போட வேண்டுமாம், முகம் அகலமாகத் தெரியும். யாருக்கும் அவரவர் முகம் அவரவருக்கே பொருந்துவதாக இந்தச் சாஸ்திரத்தில் ஓர் இடம்கூட இல்லை. மூக்குத்திக்கு மட்டும் எல்லாரும் கப்சிப். இரண்டு முனையும் கூரான மார்க்கீஸ் கல் நீளமாகக் காட்டும் என்பது உண்மையானால் அதை மூக்கில் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே? போட மாட்டார்கள். நீளமான மூக்கை யார் கேட்டார்கள்? ஆக, ஒரே கல் விரலை நீட்டும், முகத்தை நீட்டும், மூக்கை மட்டும் அப்படியே விட்டுவிடும். அந்தக் கல்லுக்கு இருக்கும் விவேகம் ரசம் பரிமாறும் பையனுக்கு இல்லை.

கால் விரல்? மிஞ்சிக்கு வைரம் பதிப்பவர்கள் குறைவு என்பதால் அது விட்டுவிடப்படுகிறது. கையின் கட்டை விரலோ இயல்பிலேயே குட்டை. நீட்டிக் காட்ட வேண்டுமென்றால் அதையல்லவா முதலில் நீட்டிக் காட்ட வேண்டும்? ஆனால் ஓவல் போவது ஏற்கெனவே நீளமாக இருக்கும் மோதிர விரலுக்குத்தான். போகட்டும்.

உண்மையான காரணம். அதற்கு வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும்.

தமிழ் வீடுகளில் வைரம் என்றால் காதுக்கு ஏழு கல் தோடு, மூக்குக்கு எட்டுக்கல் பேசரி. தோட்டில் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒரே அளவுள்ள வட்டங்களாக இருந்தால் ஒன்றைச் சுற்றி ஆறு, ஒன்றையொன்று தொட்டபடி கச்சிதமாக உட்காரும். ஓவலை வைத்து இந்த வித்தை நடக்காது. வடிவத்தைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. பேச்செல்லாம் தோஷத்தைப் பற்றித்தான். கல்லை வாங்கி வந்து இரண்டு மூன்று நாள் பூஜை அறையில் வைத்து, வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வராவிட்டால், “கல்லு ஒத்துக்கிச்சு” என்று பாக்கிப் பணத்தைக் கட்டுவார்கள். ‘ப்ளூ ஜாகர்’ வைரம் என்றால் பாட்டிகளுக்கு ஒரு தனி மரியாதை. ஏதோ ராஜராஜ சோழன் காலத்துக் கல் போலப் பேசுவார்கள். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கம் தோண்டத் தொடங்கியதே 1870 வாக்கில்தான். அந்த ஊர்ப் பெயர்தான் தேய்ந்து ஜாகர் ஆகி மயிலாப்பூர் வரை வந்து சேர்ந்தது.

வட்டமே அப்படியொன்றும் பழசு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லைச் சுழற்றி உருட்டும் இயந்திரம் வந்த பிறகுதான் வைரத்தைச் சரியான வட்டமாக்குவது சுலபமாயிற்று. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்து வைர வியாபாரக் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல், இளம் வயதிலேயே, கணக்குப் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார்: மேல் பக்கச் சாய்வு 34.5 டிகிரி, அடிப் பக்கச் சாய்வு 40.75 டிகிரி, மேல் தட்டை அகலம் 53 சதவீதம். இந்த அளவில் வெட்டினால் உள்ளே போகும் ஒளி அடியில் ஒழுகாமல் திரும்ப மேலே வரும். இன்றைய வட்டக் கல்லின் 57 முகங்களுக்குப் பின்னால் இருப்பது அந்தக் கணக்குதான். பெரியம்மா பரம்பரை என்று காப்பாற்றுவது ஒரு பெல்ஜியத்துப் பையனின் வீட்டுக் கணக்கை. ஓவல்காரர்களைப் பரிகசிக்கும்போது இவர்களையும் விட்டுவைக்க முடியாது.

சரி, கச்சா வைரம். நல்ல படிகம் பெரும்பாலும் எட்டு முகம் உள்ளதாக இருக்கும். அடியோடு அடி ஒட்டிய இரண்டு பிரமிடுகள். இதிலிருந்து வட்டம் எடுத்தால் பாதிக்கு மேல் தூளாகப் போகும். சதுரமான பிரின்சஸ் வெட்டு என்றால், நடுவில் அறுத்து இரண்டு பிரமிடு, இரண்டு கல். மிஞ்சுவது கணிசமாகக் கூடும். தட்டையாக, முக்கோணமாக வந்த படிகத்தில் வட்டம் எடுப்பது தண்டம். அதில் பேரிக்காயோ இதயமோதான் எடுப்பார்கள். நீண்டு வந்தது ஓவலாகும், மார்க்கீஸாகும். உலகத்தில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்துக்கு ஒன்பது போல சூரத்துக்கு வந்துதான் போகின்றன. அங்கே கச்சா கல்லை ஸ்கேனரில் வைத்து, எந்த வடிவத்தில் எவ்வளவு காரட் தேறும் என்று கணினியில் பார்த்து, கல்லின் மேல் கோடு போடுகிறார்கள். மணப்பெண்ணின் விரல் நீளம் அந்தத் திரையில் எங்கும் இல்லை.

கழிவு குறைவு, கேட்பவர்களும் வட்டத்தைவிடக் குறைவு. அதனால் அதே எடைக்கு இந்த வடிவங்களின் விலை பெரும்பாலும் வட்டத்தைவிடக் குறைவு. அதோடு ஒரு காரட் மார்க்கீஸ் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு விரிந்து நிற்கும். குறைந்த காசில் பெரிய கல். பந்தியில் யாராவது இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்திருக்கும், ரசமும் சூடாகக் கிடைத்திருக்கும். “மலிவா இருந்திச்சு, பெருசாத் தெரியுது” என்று சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்? ராஜாக்களே அந்தக் கணக்கில்தான் இருந்தார்கள்.

சென்னைக்கே இதில் பங்கு உண்டு. ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட், கோல்கொண்டா பக்கத்துக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் கல் ஒன்றை இங்கிருந்தபடியே வாங்கினார். லண்டனில் தீட்டி முடித்தபோது நின்றது 140.64 காரட். அது மெத்தை போல மூலை மழுங்கிய சதுரம், குஷன் வெட்டு. பிரான்சின் அரசப் பிரதிநிதி அதை 1717-ல் வாங்கினார். ரீஜன்ட் வைரம் என்ற பெயரோடு பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்குச் சொத்தாயிற்று. கோஹினூர் கதை இன்னும் பரிதாபம். 1851 கண்காட்சியில் லண்டன்வாசிகள் முண்டியடித்துப் போய்ப் பார்த்து, “இவ்வளவுதானா, மினுங்கவே இல்லையே” என்று முகம் சுளித்தார்கள். மறு வருஷமே அதை மறுபடி தீட்டினார்கள். 186 காரட் 105.6 ஆயிற்று. இத்தனை சேதாரத்துக்குப் பிறகும் கிடைத்தது வட்டமல்ல, ஓவல். 3,106 காரட் கல்லினன் கல்லிலிருந்து எடுத்த முதல் பெரிய துண்டு 530 காரட் பேரிக்காய். பிரிட்டிஷ் செங்கோலில் இருக்கிறது. செங்கோல் நீளமாகத் தெரிவதற்காக என்று யாரும் சொன்னதில்லை.

மார்க்கீஸ் வடிவத்துக்கு ஒரு காதல் கதையும் உண்டு. பதினைந்தாம் லூயி தன் நாயகி பொம்பதூர் சீமாட்டியின் உதட்டைப் போலக் கல் வெட்டச் சொன்னானாம். கடைகளில் இதைச் சொல்லும்போது ஆதாரம் கேட்டால் காபி வராது.

அடுத்த காரணம்: “எல்லாரும் போடுறது எனக்கு வேண்டாம்.” இதுவாவது நேர்மையானது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? 2018-ல் மாடல் ஹெய்லி பீபர் ஓவல் போட்டார். அதன்பின் அடுத்த வீட்டுப் பெண் வரை ஓவல். 2025-ல் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பழைய கால முறையில் வெட்டிய குஷன் போட்டதும், கடைக்காரர்கள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று. எல்லாரும் போடாததை எல்லாரும் போடுகிறார்கள்.

எமரால்டு வெட்டைப் பற்றி மட்டும் இதை எழுதுபவருக்குப் புகார் இல்லை. படிக்கட்டு போல அடுக்கடுக்காக வெட்டிய நீள்சதுரம். கிரேஸ் கெல்லி 1956-ல் ‘ஹை சொசைட்டி’ படத்தில் தன் சொந்த நிச்சயதார்த்த மோதிரத்தையே போட்டு நடித்தார், 10.48 காரட் எமரால்டு வெட்டு. அது கண்ணைக் கூசவைத்து ஆர்ப்பாட்டம் செய்யாது. கையை அசைத்தால் பட்டையாக ஒரு வெளிச்சம் போய், பட்டையாக ஓர் இருட்டு வரும். ஆனால் உள்ளே ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் ஜன்னல் வழியாகத் தெரிவதுபோலத் தெரிந்துவிடும். அதனால் சுத்தமான கல்லாகப் பார்த்து வாங்க வேண்டும். மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். ஜிஐஏ ஆய்வகம் 2006-ல் வெட்டின் தரத்துக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தபோது வட்டத்துக்கு மட்டும்தான் ஆரம்பித்தது. ஓவல் வாங்கப் போனால் சொந்தக் கண்தான் பரீட்சை அதிகாரி. அப்படித்தான் இதை எழுதுபவரும் அக்காள் மகளுக்குத் துணையாக ஒரு கடைக்குப் போய் உட்கார்ந்தார். கறுப்பு வெல்வெட் தட்டில் இடுக்கியால் ஓர் ஓவலை எடுத்து வைத்தார்கள். இரண்டு முனையும் பளபள. நடுவில் மட்டும் குறுக்காக ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்துப் படுத்திருந்தது. இதென்ன தம்பி, என்று குனிந்து கேட்டால், “உங்க தலை சார்” என்றான் பையன். கோபம் வந்தது. பிறகு விசாரித்தால், அவன் சொன்னது பெரும்பாலும் சரி. நீளக் கற்களில் நடு முகங்கள் பார்ப்பவரின் தலை இருக்கும் பக்கத்திலிருந்துதான் வெளிச்சத்தைத் தேடுகின்றன. அங்கே தலை மறைக்கிறது. கல் அந்தத் தலையின் இருட்டைத் திருப்பிக் காட்டுகிறது. வியாபாரத்தில் இதை ‘போ டை’ என்கிறார்கள். நன்றாக வெட்டிய கல்லில் லேசாக இருக்கும், மோசமாக வெட்டியதில் அப்பிக் கிடக்கும். லட்ச ரூபாய் கொடுத்துச் சொந்தத் தலையின் நிழலை வாங்கிப் போவதா என்று கேட்டதற்கு, பையன் தட்டை அடுத்த விளக்கின் கீழ் நகர்த்தினான். அக்காள் மகள், “மாமா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்” என்றாள்.

வெளியே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்ததில் அடுத்த மேசைச் சண்டை தெரிந்தது. பேரிக்காய்க் கல்லின் கூர்முனை நகத்தைப் பார்க்க வேண்டுமா, மணிக்கட்டைப் பார்க்க வேண்டுமா என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம். நகத்தைப் பார்ப்பதுதான் வழக்கம். நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 1969-ல் எலிசபெத் டெய்லருக்கு வாங்கிய பேரிக்காய் 69.42 காரட், மோதிரமாகப் போடக் கனம் தாங்கவில்லை என்று டெய்லர் அதைக் கழுத்தணியாக மாற்றிக்கொண்டார். பிரச்சினை முடிந்தது. 30 சென்ட், அதாவது 0.3 காரட், வாங்குகிறவர்களுக்கு அந்த வழி இல்லை.

முனைகளால் வரும் செலவு வேறு. வைரத்தை எளிதில் கீற முடியாது, ஆனால் குறிப்பிட்ட திசைகளில் அடி விழுந்தால் பிளந்துகொள்ளும்; கூர்முனை கிரைண்டர் விளிம்பில் இடித்தால் சில்லு போகலாம். அதனால் பேரிக்காய்க்கு ஒரு முனையிலும், மார்க்கீஸுக்கு இரண்டு முனையிலும் ஆங்கில ‘வி’ போன்ற தங்கக் கவ்வி போட்டு மூடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கூர்முனையைக் காசு கொடுத்து மறைக்கிறார்கள். அக்காள் மகள் கடைசியில் ஓவலை விட்டுவிட்டுப் பிரின்சஸ் எடுத்தாள், நாலு மூலையும் கூர். நாலுக்கும் கவ்வி போட்டாகிவிட்டது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் கல் வட்டமாகத்தான் தெரிகிறது.